செங்காந்தளும் அது ஏறியிருந்த வேலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மழைக்காலப் பூக்கள் என்று வாசகர்கள் எடுத்த படங்களைச் சில வாரங்களாகப் போட்டு வருகிறீர்கள். நல்ல காரியம். கட்சிக்காரர்கள் முகங்களுக்கு நடுவே பூவுக்கு அரைப் பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று ஆரம்பித்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வந்த செங்காந்தள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னங்கரேல் என்று பின்னணி, நடுவில் ஒற்றைப் பூ. எடுத்தவர் கைதேர்ந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செடிக்கு இலை உண்டா, அது கொடியா மரமா, எதன்மேல் ஏறி நிற்கிறது, கீழே மணலா களிமண்ணா, ஒன்றும் தெரியவில்லை. படத்துக்குக் கீழே "அழிந்துவரும் அரிய மலர்" என்று ஒரு வரி. அதற்கடுத்து ஊர்ப் பெயர், மலைப் பெயர், எந்தக் கோயிலுக்குப் பின்புறம் என்பது வரைக்கும் விலாசம். காட்ட வேண்டியதை மறைத்துவிட்டு, மறைக்க வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். என் வழக்கு இவ்வளவுதான். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் கீரனூர்ப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு என்று வருஷம் முழுக்க மனுஷ முகங்களைப் படம் பிடித்துத்தான் சாப்பாடு. மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. கேமரா பையிலேயே கிடக்கும். வடகிழக்கு மழை ஓய்ந்து, கண்மாய்கள் தளும்பி, புதுக்கோட்டைச் சீமையின் பொட்டல் எல்லாம் பச்சை பிடிக்கிற மாதமும் அதுதான். எனக்கு முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பூக்களுக்கு முகூர்த்தம். அப்படித்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பொங்கல் கழித்துத் தை முகூர்த்தங்கள் தொடங்கும்வரை விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரை, பாறை, குத்துக்காடு என்று சுற்றுவேன்.

காட்டுப்பூ என்று பேச்செடுத்தாலே எல்லாரும் கொடைக்கானல் குறிஞ்சிக்குப் போய்விடுகிறார்கள். 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வேலியில் வருஷா வருஷம் பூக்கிறதைப் பார்க்க மலையேறவும் வேண்டாம், அறை எடுக்கவும் வேண்டாம்.

செங்காந்தளுக்கே வருகிறேன். அது நம் மாநில மலர். பாடப்புத்தகத்தில் படம் பார்த்தவர்கள் உண்டு, கொடியோடு பார்த்தவர்கள் குறைவு. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கண்வலிக்கிழங்கு என்று சொன்னால்தான் விளங்கும். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடிந்து வானத்தைப் பார்க்கும். மகரந்தத் தண்டுகள் ஆறும் சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருக்கும். முதல் தடவை பார்ப்பவர் அது ஒடிந்துவிட்டது என்றே நினைப்பார். நிறமும் ஒரே நிறம் இல்லை. முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் சிவப்பு ஏற ஏற மஞ்சள் ஒதுங்கும், கடைசியில் இதழ் முழுக்கச் சிவப்பு. ஒரே கொடியில் மொட்டும், இன்றைக்கு விரிந்ததும், நாலு நாள் ஆனதும் சேர்ந்தே இருக்கும். ஒற்றைப் பூவை வெட்டிப் போட்டால் இந்தக் கதை எப்படித் தெரியும்?

அதைவிட முக்கியம் இலை. இந்தக் கொடிக்குப் பற்றிக்கொள்ளத் தனியாக ஒன்றும் கிடையாது. இலையின் நுனியே நீண்டு மெலிந்து சுருண்டு, பக்கத்தில் அகப்பட்டதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பிடிக்க முள்ளோ புதரோ வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் கிளுவை வேலி இருந்தவரை, அதன் இடுக்கில் காரையும் சூரையும் மண்டிக் கிடந்தவரை, செங்காந்தளுக்குக் குறையில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் கல்தூணும் கம்பியும். வேலியோரத்தை ஜேசிபி வைத்து வழிக்கிறார்கள். மிச்சம் மீதி முளைத்தால் களைக்கொல்லி. கம்பியிலும் இந்தக் கொடி ஏறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிழங்கையே கெல்லி எறிந்த பிறகு எது ஏறும்? உங்கள் படத்தில் அந்த வேலியும் தெரிந்திருந்தால், படிக்கிற விவசாயி ஒருவராவது தன் தோட்டத்து மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குப் புதரை விட்டுவைக்கலாமா என்று யோசித்திருப்பார். கறுப்புப் பின்னணியைப் பார்த்து யார் எதை விட்டுவைப்பது?

அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்பதைத் தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டப்பகலிலேயே அப்பர்ச்சரைச் சுருக்கி, ஷட்டரை வேகமாக வைத்து, ஃபிளாஷைப் பூமேல் மட்டும் அடித்தால் பின்னால் இருக்கிறதெல்லாம் இருண்டுபோகும். அதுவும் வேண்டாம் என்றால் ஒரு ஆளைக் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் போதும். கல்யாணப் பெண்ணுக்கு நாங்களும் இதைச் செய்வோம். மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியும் தண்ணீர் கேனும் படத்தில் விழக்கூடாதே. பூவுக்குப் பின்னால் அப்படி மறைக்க என்ன கிடக்கிறது? இன்னும் சிலர் பூமேல் தண்ணீரைத் தெளித்து மழைத்துளி என்கிறார்கள், இடைஞ்சலாக இருக்கிற பக்கத்துப் புல்லைப் பிடுங்கி எறிகிறார்கள். அந்தப் புல்லும் அங்கே குடியிருக்கிறதுதான்.

இதில் படம் எடுப்பவர்களுக்கே ஒரு நஷ்டமும் இருக்கிறது. பெயர் கிடைக்காது. ஐந்து இதழ் மஞ்சள் பூ என்று ஒரு படத்தை மட்டும் அனுப்பி இது என்ன பூ என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? இலை வேண்டும், இலையின் அடிப்பக்கம் வேண்டும், பூவின் பின்பக்கம் வேண்டும், காய் இருந்தால் காயும் வேண்டும். துத்தியாக இருந்தால் பல்சக்கரம் மாதிரி இருக்கிற அந்தக் காயே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை மணிக்கு எடுத்தது என்பது கூடத் துப்புதான். துத்தி சாயங்காலம் விரிகிற பூ. காலையில் போய் நின்றால் மூடிக்கொண்டிருக்கும்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்கிற உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. சேசு சபைப் பாதிரியார் கே.எம். மேத்யூ 1967இல் தொடங்கியது. இந்தப் பகுதித் தாவரங்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி வைத்தார்கள். அப்படிப்பட்ட தாள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சீட்டு இருக்கும்: எந்த இடம், என்ன தேதி, எப்படிப்பட்ட நிலம் என்று. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் செடி வெறும் சருகுதான். படத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். நம் கையில் இருக்கிற மொபைல் தேதியையும் நேரத்தையும் தானாகவே குறித்துக்கொள்கிறது. நிலத்தைக் காட்ட நாலடி பின்னால் தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்தால் வேலை முடிந்தது. பெரிய கேமரா எதுவும் தேவையில்லை.

நான் எடுக்கிற முறையைக் கேட்டால் ஒன்றும் பிரமாதமில்லை. முதலில் தூரத்தில் இருந்து இடம். அடுத்து முழுச் செடி, வேரடி மண் தெரிய. அப்புறம்தான் கிட்டே போவேன். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை வேட்டியைப் பிரித்து மேலே நிழலுக்குப் பிடித்துக்கொள்வேன். கல்யாண வீட்டு டிஃப்யூசர் செய்கிற வேலையை அது செய்யும். நீலப் பூவைச் சில நேரம் கேமரா ஊதாவாக்கிவிடும். பக்கத்தில் அதே வேட்டியை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் வீட்டுக்கு வந்து நிறத்தைச் சரிபண்ணலாம். காற்று நிற்கிறவரை காத்திருக்கத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. கட்டைவிரலால் தண்டைப் பிடித்துக்கொள்வேன் என்று சிலர் சொல்வார்கள். மெல்லிய தண்டுள்ள செடிக்கு அதுவே தண்டனை. பாறை இடுக்கில் கை ஊன்றுமுன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது. சுருட்டை விரியனுக்கும் அதே இடம்தான் பிடிக்கும்.

விஷ்ணுகிராந்தியை எடுக்கிறவர் தரையோடு தரையாகப் படுத்தே தீர வேண்டும். பூ சட்டைப் பித்தானைவிடச் சிறியது, ஆனால் அந்த நீலம் எந்தப் பட்டுப்புடவையிலும் வராது. காலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடும். கானாவாழையும் அப்படித்தான், பத்து மணிக்குமேல் போனால் வாடிய நீலத்தைத்தான் பார்க்கலாம். கானாவாழையில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே விரிகிற நீலப் பூ போதாது என்று, மண்ணுக்கடியிலும் பூ வைக்கும். அது விரியவே விரியாது; மூடியபடியே தனக்குத்தானே கருவுற்று விதையாகிவிடும். மேலே இருப்பதை மாடு மேய்ந்தாலும், களையெடுத்தாலும், கீழே ஒரு கையிருப்பு. வயலில் அதை ஒழிக்க முடியாமல் தவிக்கிற விவசாயிக்கு இது வேடிக்கையாக இருக்காது, தெரியும். கேமராவுக்கு அகப்படாத பூவும் உண்டு என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

கண்மாயில் கொட்டி பூத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்து அந்தப் பெயரை மனப்பாடம் செய்யாதவர் யாரும் இல்லை. முகம் கேட்டால் தெரியாது. நீள்வட்ட இலை தண்ணீர்மேல் படுத்திருக்க, நடுவில் விரல் நீளத்துக்கு வெளிறிய ஊதாக் கதிர் ஒன்று நிமிர்ந்து நிற்கும், அதுதான் கொட்டி. அதைப் பூ மட்டும் வெட்டிப் போட்டால் ஏதோ புல்பூ என்றுதான் தோன்றும். தண்ணீரோடு போட்டால்தான் அது கண்மாய்க்காரி.

இங்கே என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை வெளியில் கூட்டிப்போய்ப் படம் எடுப்பது இப்போது கட்டாயமாகிவிட்டது. "அண்ணே, பூவா இருக்கிற எடமாப் பாருங்கண்ணே" என்று பையன்கள் வந்து நிற்கிறார்கள். எடுக்கலாம், கரையில் நின்று எடுக்கலாம். ஆனால் பெண் கையில் கொடுக்க ஆம்பலைத் தண்டோடு கட்டுக்கட்டாகப் பிடுங்குவதையும், படம் முடிந்ததும் கரையிலேயே வீசிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். ட்ரோன் பறக்கவிட வசதி என்று பூத்த குத்துக்காட்டுக்குள் கார் போகிறது. என்னிடம் வருகிறவர்களிடம் கடையில் வாங்கின பூவை எடுத்துக்கொண்டு வாங்க என்று சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

பூவைத் தொடவே கூடாது என்று கூப்பாடு போடுகிறவன் இல்லை நான். போகிக்கு வீட்டு நிலையில் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் கண்ணுப்பீளையும் வேப்பிலையும் வேண்டும். நானும் போய் ஒடித்துக்கொண்டுதான் வருகிறேன். ரோட்டோரம் முழுக்க நிற்கிற ஆவாரையில் ஒரு கொத்து ஒடித்தால் அது மறுபடி துளிர்க்கும். தும்பையைச் சிவனுக்குப் பறிப்பதில் தும்பை குறைந்துவிடவில்லை. எதை ஒடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்கிற கணக்கு ஊர்க் கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது. கோயில்காட்டில் விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். அதனால்தான் காசா மரம் கொம்போடு ஒட்டி நீலமாகப் பூப்பதை இன்றைக்கும் ஐயனார் கோயில் ஓரங்களில் பார்க்க முடிகிறது. அங்கே படமெடுக்கப் போனால் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பை வெளியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கவே கூடாது.

விலாசம் போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்கிற நஞ்சு இருக்கிறது. மூட்டுவாத வகைகளில் ஒன்றான கௌட்டுக்கு மருந்தும் அதிலிருந்துதான் வருகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கிற நுணுக்கமான விவசாயம் அது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காட்டுக் கிழங்குக்கும் விலை உண்டு என்பதால் தோண்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மலைப் பெயரும் கோயில் பின்புறமும் நீங்களே எழுதிக்கொடுத்தால் எப்படி? பாறை ஆர்க்கிடுகளுக்கும் இதே கதிதான். வீட்டுத் தொட்டியில் தொங்கவிட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஐநேச்சுரலிஸ்ட் என்று இயற்கை ஆர்வலர்கள் படம் பதிவேற்றுகிற தளம் ஒன்று இருக்கிறது. ஆபத்தில் உள்ள செடி என்றால் அது வரைபடத்தில் சரியான புள்ளியைக் காட்டாமல் பல கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கலைத்துத்தான் காட்டும். தளத்துக்கு இருக்கிற விவரம் பத்திரிகைக்கும் இருக்கலாமே. "புதுக்கோட்டை மாவட்டம், கிளுவை வேலி" என்று போட்டால் போதும். என்ன மாதிரி இடம் என்பதை வாசகர் தெரிந்துகொள்வார், எந்த இடம் என்பது எடுத்தவருக்கும் ஊர்க்காரருக்கும் தெரிந்தால் போதும்.

இடத்தைக் காட்டு என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ட்ரசீராவும் ஒரு காரணம். எங்கள் வட்டாரத்தில் மழைக்குப் பின் பாறை அடிவாரத்து ஈரமணலில் பார்க்கலாம். பூச்சி தின்னும் செடி. இலைகள் செந்நிறத்தில் தரையோடு ஒட்டி வட்டமாகப் பரவியிருக்கும்; செடி முழுவதும் ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். இலைமேல் இழை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு பசைத்துளி. காலை வெயிலில் அத்தனையும் மின்னும். சின்னக் கொசு ஒன்று வந்து இறங்கினால் முதலில் ஒரு கால் ஒட்டும். அதை விடுவிக்க இன்னொரு காலை ஊன்றும், அதுவும் ஒட்டும். பக்கத்து இழைகள் மெல்ல வளைந்து வந்து மூடும். செடி அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. நடுவில் நூல் மாதிரி தண்டு எழுந்து நுனியில் சின்னப் பூ வைக்கும். அதுவும் கொஞ்ச நேரம்தான் விரிந்திருக்கும்.

இது ஏன் பூச்சி பிடிக்கிறது? அந்த மண்ணில் தழைச்சத்து இல்லை. நமக்கு எள்ளும் விளையாத மண்தான் அதற்கு வீடு. எரு போட்டு மண்ணைத் திருத்தினால் புல் உயர்ந்து மூடிவிடும், ட்ரசீரா செத்துப்போகும். அதாவது, அந்த மண்ணுக்கு நாம் நல்லது செய்வதாக நினைத்தாலே போதும், அது ஒழிந்துவிடும்.

அப்படி நல்லது செய்யத்தான் எல்லாரும் துடிக்கிறார்கள். பாறை, குத்துக்காடு, மேய்ச்சல் பொட்டல் என்றால் அரசாங்கக் கணக்கில் தரிசு. மத்திய அரசு வெளியிடுகிற தரிசுநில வரைபடத் தொகுப்பில் குத்துச்செடி நிலமும் ஒரு வகையாகச் சேர்ந்திருக்கிறது. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கள் மாவட்டத்தில் அப்படித்தான் குத்துக்காடுகள் தைலமரக் காடுகளாயின. கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரைத் தைலமரக் காடு மறித்துவிடுகிறது என்று விவசாயிகள் நெடுநாளாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது தண்ணீருக்காக. நான் அவர்கள் பக்கத்தில் பூவுக்காக நிற்கிறேன். தைலமரத்துக்கு அடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். விஷ்ணுகிராந்தியோ ஓரிதழ்த்தாமரையோ அங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். இன்னொரு பக்கம் கல்குவாரி. அதற்கும் மேலே, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் மரம் நடுகிற அன்பர்கள். நடட்டும், ஊருக்குள்ளும் ரோட்டோரமும் நடட்டும். பாறைச் சரிவில் குழி தோண்டி, செம்மண் கொட்டி, புங்கன் கன்று வைத்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து உங்கள் இதழுக்கே அனுப்புகிறார்களே, அந்தக் குழியில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கள்ளிமுளையானாக இருந்திருக்கலாம். கரும்பழுப்புப் பூ, ஈ மொய்க்கிற வாடை, மேய்ச்சலுக்கு வந்த பிள்ளைகள் ஒடித்துத் தின்கிற செடி. அதன் படம் எந்தப் பத்திரிகையிலும் வராது, அழகில்லை என்பார்கள்.

எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு எவ்வளவோ பேர் ஓவியம் பார்க்க வருகிறார்கள். அறிவர் கோயில் விதானத்தில் இருப்பது ஒரு தாமரைக் குளம். 9ஆம் நூற்றாண்டு ஓவியம் என்கிறார்கள். அந்த ஓவியக்காரர் தாமரையை மட்டும் தனியாக எடுத்து வரையவில்லை. மொட்டும் விரிந்த பூவும் இருக்கின்றன, காற்றில் புரண்ட இலை இருக்கிறது, தண்டு வளைந்து தண்ணீருக்குள் போகிறது, இடையிடையே மீன், பறவை, எருமை, யானை, பூப்பறிக்க இறங்கிய ஆட்கள். எந்தக் குளம் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அதைப் பார்த்தவுடன் இது எங்கள் கண்மாய்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நாங்கள் போட வேண்டும் என்று கேட்கிற படம் அதுதான். வந்தவர்கள் ஓவியத்தைப் பார்த்துவிட்டு இறங்குகிற வழியில் பாறை இடுக்கையும் குனிந்து பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் வந்தால் ஏமாற மாட்டார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இது. வாசகர்களிடம் பூப்படம் கேட்கும்போது, இடம் தெரிகிற இன்னொரு படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். செடிக்கு அந்த ஊரில் என்ன பெயர் என்று கேட்டு அதையும் போடுங்கள்; ஒரே செடிக்கு நாலு ஊரில் நாலு பெயர் வந்தால் நாலையும் போடுங்கள், அதில் சண்டை வந்தால் இன்னும் நல்லது. கிழங்கு, ஆர்க்கிட் வகையறாவுக்கு மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரிய மலர் என்று எழுதுமுன் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் யாரையாவது ஒரு போனில் கேட்டுவிடுங்கள். உங்கள் இணைப்பில் அரிய மலர் என்று வந்தவற்றில் ஒன்று சாதாரண நாயுருவி.

இத்துடன் மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். முதலாவது செங்காந்தள், வேலியோடு. இடது ஓரத்தில் ஒரு பழைய உரச்சாக்கும் தெரியும், அதுவும் அந்த வேலியில் இருந்ததுதான். இரண்டாவது ட்ரசீரா, அளவு தெரிய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். மூன்றாவது கண்மாயும் கொட்டியும். வடிவமைக்கிற தம்பியிடம் ஓரங்களை வெட்டாமல் போடச் சொல்லுங்கள். இடம் பற்றவில்லை என்றால் ஒன்றை மட்டும் முழுசாகப் போடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் போடவே வேண்டாம், அடுத்த மார்கழிக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர்,
கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்.